என்எல்எம்இ: ஐந்து ஆரஞ்சு மரங்களும் ஒரு முன்கோபித் தொகுப்பும்

என் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தப் புலம்பல் புரியாது. செடிகளின் உயரத்தை வாராவாரம் அளப்பேன். 24 தொட்டி, 10 வாரம், ஒரு ஸ்கேல், ஒரு நோட்டு. ஆக 240 எண்கள். அளப்பதில் ஒரு சிரமமும் இல்லை. அளந்ததிலிருந்து ஒரு வளர்ச்சிக்கோட்டை எடுப்பதற்குத்தான் மூன்று வருடமாக என்எல்எம்இ என்ற மென்பொருள் தொகுப்போடு மல்லுக்கட்டுகிறேன்.

ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளை நிறுவினாலே கூடவே வந்து உட்கார்ந்துவிடும் தொகுப்பு இது. லைப்ரரி என்று ஒரு வரி போட்டால் வேலைக்குத் தயார். இலவசம். ஹோசே பினேரோவும் டக்ளஸ் பேட்ஸும் தொடங்கி வைத்தது. வளைகோட்டு மாடலுக்கு உள்ளே ஓடும் கணக்கு, லிண்ட்ஸ்ட்ராமும் பேட்ஸும் 1990-ல் எழுதியது. வயசான சரக்கு. அது பேசும் விதத்திலும் வயசு தெரியும்.

எக்செல்லில் ஒரு கோடு இழுத்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு: ஒரே செடியைப் பத்து முறை அளந்தால் கிடைப்பது பத்து சாட்சிகள் அல்ல, ஒரே சாட்சி பத்து முறை பேசியது. நெட்டையாக வளரும் செடி பத்து வாரமும் சராசரிக்கு மேலேயே நிற்கும். அதைக் கணக்கில் எடுக்காமல் 240 எண்களையும் ஒரே பையில் கொட்டினால், பிழை எல்லைகள் பொய் சொல்லும்.

இந்தத் தொகுப்பு எதற்கு நல்லது என்று பார்க்க ஆரில் இருக்கும் ஆரஞ்சு தரவே போதும். ஐந்து மரம், மரத்துக்கு ஏழு அளவு, தண்டின் சுற்றளவு மில்லிமீட்டரில். 118-ம் நாளில் எல்லா மரமும் 30-லிருந்து 33-க்குள் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. 1582-ம் நாளில் பார்த்தால் ஒன்று 140, இன்னொன்று 214. ஐந்தையும் ஒரே எஸ் வடிவ லாஜிஸ்டிக் கோட்டில் அடைத்தால் எஞ்சும் பிழை சுமார் 23 மி.மீ. 'கடைசியில் எட்டும் சுற்றளவு மட்டும் மரத்துக்கு மரம் மாறலாம்' என்று ஒரே ஒரு சலுகை கொடுங்கள். பிழை 8-க்குக் கீழே இறங்கிவிடும். அந்தச் சலுகைக்குப் பெயர்தான் ரேண்டம் எஃபெக்ட். முதல்முறை இதைத் திரையில் பார்த்தபோது, உண்மையாகவே நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்துவிட்டேன்.

சராசரி மரத்துக்கு ஒரு கோடு, ஒவ்வொரு மரத்துக்கும் அதன் சொந்தக் கோடு, இரண்டையும் ஆக்பிரெட் என்ற கட்டளை ஒரே படத்தில் போட்டுக் காட்டும். படத்தின் தோற்றம் தொண்ணூறுகளில் நின்றுவிட்டது, பரவாயில்லை.

இதே தரவில் நான் விழுந்த பள்ளம் ஒன்றும் உண்டு. மரங்களின் எண்கள் அதில் 3, 1, 5, 2, 4 என்று பெரும சுற்றளவு ஏறும் வரிசையில் அடுக்கப்பட்டிருக்கும். அது தெரியாமல் மர எண்ணை நேராக எண்ணாக மாற்றினேன். முதலாம் மரம் இரண்டாவது ஆனது, மூன்றாம் மரம் முதலாவது ஆனது. ஒரு எச்சரிக்கைகூட வரவில்லை. அரை நாள் போச்சு.

பிடித்தவற்றில் முதலில் நிற்பது, ஆரம்ப மதிப்புகளைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும் மாடல்கள். வளைகோட்டுக் கணக்கில் பாதிச் சண்டை எங்கிருந்து தேடத் தொடங்குவது என்பதில்தான். எஸ்எஸ்லாஜிஸ், எஸ்எஸ்காம்பெர்ட்ஸ், எஸ்எஸ்அசிம்ப் எல்லாம் தரவைப் பார்த்துத் தாமே ஒரு தொடக்கம் தரும். (இவை ஆரின் அடிப்படைத் தொகுப்பில் இருப்பவை. பாராட்டு மட்டும் இங்கே வந்து சேர்கிறது.) அடுத்தது வார்பவர். சின்னச் செடியை அளக்கும்போது தவறு மில்லிமீட்டரில் இருக்கும், பெரிய செடியில் சென்டிமீட்டரில். வளர வளரச் சிதறலும் வளரும் என்று மாடலிடம் ஒரே சொல்லில் சொல்லிவிடலாம். தொகுப்போடு வரும் சோயாபீன் தரவில் இதன் அருமை தெரியும்: இரண்டு ரகம், 1988 முதல் 1990 வரை மூன்று வருடம், 48 பாத்தி, 412 அளவுகள். இலை எடை ஏற ஏறப் புள்ளிகள் விசிறிபோல் விரியும். வார்பவர் இல்லாமல் அதைப் பொருத்தினால், பெரிய செடிகள் கோட்டைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும். அளவெடுத்த நாட்களின் இடைவெளி சீராக இல்லையா? அடுத்தடுத்த அளவுகளின் தொடர்பை இடைவெளிக்கு ஏற்பக் கணக்கிட கார்-சிஏஆர்1 இருக்கிறது.

இனி குறைகள். மனுஷனைப் படுத்தி எடுக்கும்.

ஒரு கட்டம் காலியாக இருந்தால்கூட ஓடாது. விடுபட்ட மதிப்பைப் பார்த்ததும் நின்றுவிடுவதுதான் அதன் இயல்பு. தொகுப்புக்குள் நேர்கோட்டு மாடலுக்கு எல்எம்இ, வளைகோட்டுக்கு என்எல்எம்இ என்று இரண்டு கட்டளைகள். அண்ணன் எல்எம்இ வழக்கமாக ரெம்ல் என்ற மதிப்பீட்டு முறையில் ஓடும், தம்பி என்எல்எம்இ எம்எல் என்ற வேறொரு முறையில். ஒரே வீட்டுப் பிள்ளைகள், ஆளுக்கொரு பழக்கம். இரண்டின் சிதறல் மதிப்புகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுவிட்டு, ஏன் ஒத்துப்போகவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொண்டவள் நான்.

பிழைச் செய்திகளைப் பற்றி என்ன சொல்ல. 'ஸ்டெப் ஹாவிங் ஃபேக்டர் ரெட்யூஸ்டு பிலோ மினிமம் இன் பிஎன்எல்எஸ் ஸ்டெப்.' அடுத்து என்ன செய்யணும் என்று அதில் ஒரு வார்த்தை கிடையாது. முகத்தில் கதவைச் சாத்துவதுபோல இருக்கும்.

என் 24 தொட்டிகளிலும் இதுதான் நடந்தது. உச்ச உயரம், நடுப்புள்ளி, வேகம் மூன்றையுமே செடிக்குச் செடி மாறவிட்டேன். கதவு சாத்தியது. எத்தனை சுற்று முயலலாம் என்று சொல்லும் மேக்ஸ்இடரை 50-லிருந்து 500 ஆக்கினேன். சாத்தியது. எவ்வளவு துல்லியம் வந்தால் போதும் என்று சொல்லும் பிஎன்எல்எஸ்டால் 0.001 என்றிருந்ததை 0.1 ஆகத் தளர்த்தினேன். ஓடிவிட்டது! வந்த அட்டவணையை அப்படியே அறிக்கையில் ஒட்டி அனுப்பினேன். மறுநாள் எங்கள் மேடம் கூப்பிட்டார்.

"உச்ச உயரம்னு போட்டிருக்கியே, எல்லாச் செடியும் அதை எட்டினது உன் நோட்டுல இருக்கா?"

இல்லை. பத்தாவது வாரத்தில் ஒன்பது செடிகள்தான் வளர்ச்சி நின்று சமமாகியிருந்தன. மற்ற பதினைந்தும் இன்னும் ஏறிக்கொண்டிருந்தன.

திட்டவில்லை. ஆரில் இருக்கும் கோழிக்குஞ்சுத் தரவைத் திறந்து, முதலாம் குஞ்சுக்கு மட்டும் லாஜிஸ்டிக் கோடு போடச் சொன்னார். அந்தக் குஞ்சு பிறந்தபோது 42 கிராம், கடைசி அளவான 21-ம் நாளில் 205 கிராம். கோடு புள்ளிகள் மேல் அழகாக உட்கார்ந்தது. அது சொன்ன உச்ச எடை 937 கிராம், நடுப்புள்ளி 35-ம் நாள். அளந்ததே 21 நாள்தான்! வளைவின் கீழ்ப்பாதியில் மட்டும் புள்ளிகள் இருந்தால் லாஜிஸ்டிக்கும் வெறும் அடுக்குப் பெருக்கமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். உச்சத்தைக் கூட்டி நடுப்புள்ளியைத் தள்ளிவைத்தாலும், உச்சத்தைக் குறைத்து நடுப்புள்ளியை முன்னால் இழுத்தாலும், புள்ளிகள் வழியே போகும் கோடு பெரிதாக மாறாது. இரண்டில் எது சரி என்று சொல்ல அந்தத் தரவிடம் எதுவும் இல்லை.

கதவைச் சாத்திய தொகுப்பு இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது, அதன் பாஷையில். நான்தான் பூட்டை உடைத்துக்கொண்டு உள்ளே போனவள்.

அதற்குப் பிறகு வரிசையை மாற்றிக்கொண்டேன். முதலில் என்எல்எஸ்லிஸ்ட்: செடிக்கு ஒரு கோடு, தனித்தனியாக. பொருந்தாத செடிக்கு 'சிங்குலர் கிரேடியன்ட்' என்று முனகிவிட்டு, அந்த இடத்தைக் காலியாக விட்டு அடுத்ததற்குப் போகும். எந்தச் செடி காலி என்று பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும். பிறகு ரேண்டம் எஃபெக்டை உச்ச உயரத்துக்கு மட்டும் கொடுத்து ஓட்டுவது. தேவைப்பட்டால் பிடி-டயாக் போட்டு இன்னொன்று, அவற்றுக்கிடையே தொடர்பு எதுவும் கேட்காமல். கடைசியில், பிழை எல்லைகளைத் தரும் இன்டர்வல்ஸ். அது 'நான்-பாசிட்டிவ் டெஃபனிட்' என்று மறுத்தால், தரவால் தாங்க முடியாததைக் கேட்டிருக்கிறேன் என்று அர்த்தம். ஒரு படி பின்வாங்குவேன்.

மாற்றுகளையும் தொட்டுப் பார்த்தேன். எல்எம்இ4 என்ற இன்னொரு ஆர் தொகுப்பில் உள்ள என்எல்எம்இஆரில் வார்பவர் மாதிரி எதுவும் கிடையாது, எனக்கு அது இல்லாமல் ஆகாது. பிஆர்எம்எஸ் என்ற தொகுப்பு, ஸ்டான் என்ற பேய்சியன் கணக்கு மென்பொருள் மேல் ஓடுவது. 'இந்தச் செடி இவ்வளவுக்கு மேல் வளராது' என்று நமக்குத் தெரிந்ததை முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். என் பதினைந்து செடிகளுக்கு நியாயமான வழி அதுதான். ஆனால் என் பழைய லேப்டாப்பில் அதை ஓடவிட்டால் மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டு வந்து பார்க்கலாம். என்எல்எம்இ கண் சிமிட்டுவதற்குள் திட்டிவிடும்.

ஆளுக்கு இரண்டு மூன்று அளவுகள்தான் இருக்கின்றன என்றால் இதை வாங்காதீர்கள் (காசில்லைதான், நேரத்தைச் சொல்கிறேன்). வளைவை நேர்கோட்டால் தோராயப்படுத்தித்தான் இது கணக்குப் போடுகிறது; அளவுகள் குறைந்தால் அந்தத் தோராயம் ஆட்டம் காணும். ஆம்-இல்லை விடைகளுக்கும் எண்ணிக்கைகளுக்கும் இது ஆகாது. ஆளுக்கு ஏழெட்டு அளவு, வளைவின் மேல்பகுதியும் கண்ணில் பட்டிருக்கிறது என்றால், தைரியமாக எடுங்கள்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். ஒன்றைப் பிழைச் செய்திக்காகப் பிடித்து வைத்திருக்கிறேன். இந்தத் தடவை தொட்டிகளை 14-ம் வாரம் வரை வைத்திருக்க மேடத்திடம் அனுமதி வாங்கியாகிவிட்டது. நேற்று 11-வது அளவு. நான்கு செடிகள் இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கின்றன.