மனகோலம் என்று எழுதினால் தவறாம்: குவிஸ் டூலோடு மூன்று வருஷம்

தேவகோட்டையில் கண்டாங்கிச் சேலை விற்கும் தோழி போன வாரம் போன் பண்ணினாள். "ஆச்சி, நீங்க குவிஸ் போடுற டூல் விலையைப் பாதியாக் குறைச்சிருக்காங்களாமே, நானும் வாங்கட்டுமா?" நல்லதைத்தான் முதலில் சொல்ல ஆரம்பித்தேன். அரைமணி நேரத்தில் என் குரல் ஏறிவிட்டது, அவள் பயந்துபோய் வைத்துவிட்டாள். அதனால் நிதானமாக எழுதித் தருகிறேன்.

டூலின் பெயர் வேண்டாம். கேள்வி போடுவது, மதிப்பெண் காட்டுவது, வாட்ஸப்பில் பகிர்வது எல்லாம் மற்ற டூல்களிலும் உண்டு.

நான் காரைக்குடியில் வீட்டிலேயே பலகாரம் போட்டுக் கூரியரில் அனுப்புகிறேன். விளம்பரத்துக்குக் காசு கிடையாது, அதனால்தான் குவிஸ் பக்கம் வந்தேன். முதலில் போட்டது "நீங்கள் எந்தச் செட்டிநாட்டுப் பலகாரம்?" ஒருவருக்குச் சீப்புச் சீடை என்று வரும், இன்னொருவருக்கு உக்கரை என்று வரும். ஃபார்வர்டு ஆகி ஃபார்வர்டு ஆகிக் கூட்டம் குவிந்தது. நாலாம் நாள் ஒருவரும் இல்லை. ஒரு ஆர்டர்கூட அதில் வரவில்லை.

அப்புறம் ஒரு செய்தி படித்தேன். 2013 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் ஒரு குவிஸ் வெளியிட்டதாம். நீங்கள் எதை என்ன சொல்லால் சொல்கிறீர்கள் என்று 25 கேள்வி. உங்கள் பேச்சு அமெரிக்காவில் எந்தப் பக்கத்துப் பேச்சு என்று வரைபடத்தில் காட்டும். வருஷம் முடியப் பத்து நாள் இருக்கும்போது வந்தது, அந்த வருஷம் முழுக்க அந்தப் பத்திரிகைத் தளத்தில் அதிகம் பேர் பார்த்தது அதுதான். அதைப் படித்த அன்றைக்கே எனக்கு வழி தெரிந்துவிட்டது. பேச்சுக்கு நம்மிடம் என்ன பஞ்சம்?

"ஆயா வீட்டுச் சொல்" என்று ஏழு கேள்வி போட்டேன். ஆயா என்றால் எங்களுக்குப் பாட்டி. செட்டிநாட்டு வீட்டில் வளவு எது, முகப்பு எது, இரண்டாங்கட்டில் என்ன நடக்கும் என்று. அதில் ஒன்று: அப்பச்சி என்றால் யார்? எங்கள் நகரத்தார் வீடுகளில் அப்பச்சி என்றால் அப்பா. கோயம்புத்தூர்ப் பக்கம் அப்புச்சி என்றால் அம்மாவைப் பெற்றவர். இரண்டு பக்கத்துக்காரர்களும் "உன் பதில் தப்பு" என்று எனக்கு எழுதினார்கள், தங்கள் குடும்பக் குரூப்பில் போட்டுச் சாட்சி கேட்டார்கள். ஒவ்வொரு சாட்சியும் குவிஸுக்குள் வந்து போனார். பினாங்கிலிருந்து ஒரு பெரியம்மா, "அப்பச்சி என்ற சொல்லைப் பார்த்தே ரொம்ப வருஷம் ஆச்சு, ஆத்தா" என்று குரல் பதிவு அனுப்பினார்கள். அடுத்த வாரம் சென்னையில் இருக்கும் மகள் வீட்டுக்கு இரண்டு கிலோ மனகோலம் அவர்கள்தான் சொல்லிவிட்டார்கள். அந்தக் குரல் பதிவை நான் இன்னும் அழிக்கவில்லை.

இதெல்லாம் அந்த டூலால் நடந்தது, மறுக்கவே மாட்டேன். எந்தக் கேள்வியில் எத்தனை பேர் விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று அது ஒரு படம் காட்டும், அது தங்கம். மதிப்பெண் காட்டும் முன் போன் நம்பர் கேட்டுக்கொண்டிருந்தேன். ஏழு கேள்விக்கும் பதில் சொன்னவர்களில் பாதிப் பேர் அந்தப் பெட்டியைப் பார்த்ததும் மூடிவிட்டார்கள் என்று படம்தான் சொல்லிக்கொடுத்தது. மதிப்பெண்ணை முதலில் காட்டிவிட்டு, "அடுத்த குவிஸ் வேண்டுமானால் நம்பர் தாருங்கள்" என்று பின்னால் வைத்தேன். நம்பர்கள் குறைவாகத்தான் வருகின்றன, ஆனால் வருகிறவர்கள் வாங்குகிறார்கள்.

இன்னொன்றும் கற்றேன். பதிலுக்குக் கீழே எழுதும் நாலு வரி விளக்கத்தைத்தான் ஜனங்கள் ஸ்கிரீன்ஷாட் எடுக்கிறார்கள். வெள்ளைப்பணியாரத்துக்கு ஒரு உழக்குப் பச்சரிசிக்கு எவ்வளவு உளுந்து என்று கேட்டேன். அரிசியைத் தலைதட்டி அளந்து, அதே உழக்கின் மேல் உளுந்தைக் கோபுரமாக வைக்க வேண்டும், கோபுரத்தில் நிற்கிற அளவுதான் கணக்கு. அந்த விளக்கம் இன்றைக்கும் யாராவது ஒருவர் ஸ்டேட்டஸில் இருக்கிறது.

சரி, குரல் ஏறிய இடத்துக்கு வருகிறேன்.

நாலு விடையில் ஒன்றைத் தொடுவதைவிட, தானே டைப் செய்து சரி என்று வருவதில் ஒரு சுகம் இருக்கிறது. அதனால் கடைசிக் கேள்வியை எப்போதும் எழுத்து விடையாகத்தான் வைப்பேன். ஒருநாள் விடியற்காலை ஐந்து மணி, கையெல்லாம் மாவு, போன் அடிக்கிறது. தேவகோட்டைப் பெரியப்பச்சி. "மனகோலத்துக்கு வேற பேரு வச்சிருக்கியா ஆத்தா? மூணு தடவை போட்டேன், தப்புங்குது." தேங்காய்ப் பல்லும் பொட்டுக்கடலையும் வெல்லப்பாகும் சேர்ந்த கல்யாணப் பலகாரம் எது என்பதுதான் கேள்வி. அவர் அனுப்பிய படத்தில் மனகோலம் என்றே இருக்கிறது, பக்கத்தில் சிவப்புப் பெருக்கல் குறி. முப்பது வருஷம் தட்டச்சுப் பயிற்சி நிலையம் நடத்தியவர், அவர் எழுத்துப் பிழையா விடுவார்?

சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் தம்பிதான் காரணம் கண்டுபிடித்தான். 'கோ'வில் க-வுக்கு இரண்டு பக்கமும் நிற்கும் குறியை, கம்ப்யூட்டரும் போனும் எழுத்துக்களைச் சேமிக்கும் பொதுக் கணக்கான யூனிகோடில், ஒரே குறியாகவும் வைக்கலாம், இரட்டைக் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் வைக்கலாம். கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. பெரியப்பச்சி கம்ப்யூட்டரில் வைத்திருக்கும் பழைய தட்டச்சு விசைப்பலகை இரண்டாகப் போடுகிறது, என் போன் ஒன்றாகப் போடுகிறது. இரண்டும் ஒன்றே என்று யூனிகோட் விதியே சொல்கிறது. ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர ஒரு வரி நிரல் போதுமாம். அந்த ஒரு வரியை இவர்கள் எழுதவில்லை.

படங்களோடு எழுதிக் கேட்டேன். "இரண்டு சொல்லும் எங்களுக்கு ஒன்றாகவே தெரிகின்றன, உங்கள் பயனர் வேறு ஏதோ எழுதியிருக்கலாம்" என்று பதில் வந்தது. ஒன்றாகத் தெரிவதுதானே புகார்! மூன்று வருஷத்தில் நாலு முறை எழுதிவிட்டேன். நாலு முறையும் அதே பதில்.

கவுனி அரிசி கேட்டால் இன்னும் பாடு. கவுனி என்பார்கள், கௌனி என்பார்கள், ள போட்டுக் கெளனி என்றும் அடிப்பார்கள். அது வேறு எழுத்து, டூலைக் குறை சொல்ல முடியாது. அத்தனையையும் மாற்று விடையாக நானே சேர்த்துவிடுகிறேன். ஆனால் கண்ணுக்குத் தெரியாத வித்தியாசத்துக்கு நான் எப்படி மாற்று விடை சேர்ப்பேன்? யாராவது தப்பு வாங்கி, வருத்தப்பட்டு, எனக்கு எழுதிய பிறகு அவர்கள் அடித்ததை அப்படியே எடுத்து ஒட்டுகிறேன். எழுதாமல் போனவர்கள் எத்தனை பேரோ. தனக்குத் தெரிந்த ஒன்றைத் தப்பு என்று சொன்ன இடத்துக்கு எந்த ஆச்சி திரும்பி வருவார்?

அதனால் தோழிக்கு என் பதில்: வாங்காதே. பாதி விலை என்றாலும் வேண்டாம். நீ கேட்கப்போவது கோர்வை, கொசுவம், கோடாலி முடிச்சு. எல்லாமே இரண்டு பக்கமும் குறி நிற்கிற எழுத்து. சோதித்துப் பார்க்கும் நாட்களில் எதை வேண்டுமானாலும் விட்டுவிடு, 'கோ'வை மட்டும் இரண்டு விதமாக அடித்துப் பார். இரண்டும் சரி என்று வருகிற டூலுக்கு முழு விலை கொடு.

என் சந்தா மார்கழி வரை இருக்கிறது. எங்கள் நகரத்தார் வீட்டுப் பிள்ளையார் நோன்புக்கு, திரிக்கு நூல் இழை எடுக்கிற இருபத்தொரு நாள் கணக்கை வைத்து ஒரு குவிஸ் எழுதி வைத்திருக்கிறேன். அதில் கடைசிக் கேள்வியும் தொடுகிற கேள்விதான், எழுதுகிற கேள்வி வைக்கவில்லை. பெரியப்பச்சி இப்போதே கேட்டுவிட்டார், "இந்தத் தடவை டைப் பண்றதுக்கு ஒண்ணும் இல்லையா?" என்று.