கையில் ஒட்டும் சுகர் சென்சார்: பதினான்கு நாள் என்றார்கள், பதினொன்று வந்தது

மின்வாரியத்தில் 31 வருஷம் லைன் வேலை பார்த்து ரிட்டயர்டு ஆனவன் நான். வயசு 63. தட்டில் விழுவது அதே சோறு, அதே அளவு. ஆனால் மூன்று மாத சராசரிச் சுகரைக் காட்டும் ஹெச்பிஏ1சி ரத்த டெஸ்ட்டில் 6.1. சுகர் இன்னும் வரவில்லை, வாசலில் நிற்கிறது என்றார் டாக்டர். வெறும் வயிற்றில் எடுத்த டெஸ்டில் இன்சுலின் கூடித்தான் இருந்தது. இருக்கிற இன்சுலின் ஏன் வேலை செய்யவில்லை?

மருமகள் பார்மசி படித்தவள். "மாமா, மீட்டர் வரைக்கும் கரண்ட் வருது, உள் வயரிங்தான் லூசு" என்றாள். இன்சுலின் வந்து, செல்லின் வெளிச்சவ்வில் செய்தி வாங்குவதற்கென்றே இருக்கும் ஏற்பியில் உட்காருமாம். செய்தி உள்ளே புரதம் புரதமாகக் கைமாறிப் போய்ச் சேர்ந்தால்தான் குளூட்-4 என்ற சர்க்கரைக் கடத்திகள் மேலே வந்து வழிவிடும். வயசானால் தசைக்குள் கொழுப்பு சேர்கிறது, செல்லுக்குச் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா மந்தமாகிறது, செய்தி பாதி வழியிலேயே மங்கிப்போகிறது. "வயசைவிடத் தொப்பைக்குத்தான் இதுல பங்கு ஜாஸ்தி" என்று என் வயிற்றைப் பார்த்தே சொன்னாள்.

சரி, கண்ணால் பார்த்துவிடுவோம் என்று, சுகரை விடாமல் அளந்து போன் ஆப்பில் காட்டும் சென்சார் வாங்கினேன். மேல்கையில் வைத்து அமுக்கினால் 'டக்', அவ்வளவுதான். எறும்பு கடித்த அளவுகூட வலி இல்லை. நாலு இட்லி, தக்காளிச் சட்னி: ஒரு மணி நேரத்தில் சுகர் 178. மறுநாள் அதே இட்லியைத் தின்றுவிட்டு இருபது நிமிஷம் தெருவை அளந்தேன்: 141. கால் தசை சுருங்கினால் இன்சுலின் தயவில்லாமலே கடத்திகள் மேலே வருமாம். மெயின் லைன் மக்கர் பண்ணினால் மாற்று லைனில் சப்ளை கொடுப்போமே, அதேதான்! கொடுத்த காசு இந்த ஒரு காட்சிக்கே செரித்துவிட்டது.

குறையும் உண்டு. ராத்திரி இரண்டு மணிக்கு 58 என்று அலாரம் அலறியது. வீட்டுக்காரி பதறிப்போய்ச் சர்க்கரைத் தண்ணி கலக்கிவிட்டாள். விரலில் குத்திப் பார்த்தால் 96. சென்சார் மேலேயே ஒருக்களித்துப் படுத்திருக்கிறேன். அழுத்தம் விழுந்தால் பொய்யாகக் குறைத்துக் காட்டும். அது அளப்பது ரத்தத்தை அல்ல, தோலுக்கடியில் உள்ள நீரை. அதனால் சில நிமிஷம் பின்தங்கியும் வரும். ஆப் முழுக்க இங்கிலீஷ். பதினோராம் நாள் எண்ணெய்க் குளியலில் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. கஸ்டமர் கேரில் 'எண்ணெய் தேய்த்தது உங்கள் தவறு' என்று முடித்துவிட்டார்கள். அட்டைப்பெட்டியில் அப்படி ஒரு வரியைத் தேடித் தேடிப் பார்த்தேன், காணோம்.

ஐந்துக்கு மூன்று. என் மாதிரி வாசலில் நிற்பவர்களுக்கு ஒன்றே போதும், மாசாமாசம் வாங்க வேண்டாம். வாங்கினால் எந்தப் பக்கம் படுப்பீர்களோ அதற்கு எதிர்க்கையில் ஒட்டுங்கள்.