டக்காவோ மலைக்கு எந்த வழியாக ஏறலாம்?

டோக்கியோவில் ஒரு நாள்தான் கையில் இருக்கிறது, காட்டுக்குள் நடக்கவும் ஆசை என்றால் டக்காவோவுக்குப் போங்கள். உயரம் 599 மீட்டர்தான். ஷின்ஜுக்குவில் கெய்யோ ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் அடிவாரம் வந்துவிடும். உச்சிக்குப் பல வழிகள் உண்டு. முதல்முறை போகிறவர்கள் குழம்புவது இந்த மூன்றுக்குள்தான்.

1-ஆம் பாதை 3.8 கிலோமீட்டர், பெரும்பாலும் தளம் போட்டது. கேபிள் காரில் போனால் ஆரம்பத்துச் செங்குத்து ஏற்றம் மிச்சம். அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது இதில்தான் கூட்டிப்போனேன். கி.பி. 744-இல் தோன்றியதாகச் சொல்லப்படும் யாக்குஓயின் கோயிலும் இந்த வழியில்தான். கோயிலுக்கு முன்னால் பாதை இரண்டாகப் பிரியும்: 108 படி ஏறும் 'ஆண் சரிவு', மெல்லச் சுற்றிப்போகும் 'பெண் சரிவு'. மூட்டுவலி உள்ளவர்களுக்கு இரண்டாவதுதான் சரி. ஒரே குறை கூட்டம். நவம்பரில் மேப்பிள் சிவக்கும்போது தேர்த்திருவிழா மாதிரி இருக்கும்.

எனக்குப் பிடித்தது 6-ஆம் பாதை. 3.3 கிலோமீட்டர், ஏற ஒன்றரை மணி நேரம். தொடக்கத்திலிருந்தே ஓடை கூடவே வரும். சற்றுத் தள்ளி பீவா அருவி. கொட்டும் நீருக்குக் கீழே நின்று தவம் செய்கிற இடம் அது. உயர்ந்த சுகி என்னும் ஊசியிலை மரங்களின் நிழலில் கோடையிலும் குளுகுளுவென்று இருக்கும். உச்சியை நெருங்கும்போது ஓடையே பாதையாகிவிடும். நீருக்குள் வரிசையாகக் கிடக்கும் கற்களில் ஒவ்வொன்றாகக் கால் வைத்து ஏற வேண்டும், இரு பக்கமும் பாசி, ஷூவின் நுனியைத் தண்ணீர் தொட்டுவிட்டு ஓடும். அந்தக் கொஞ்ச தூரத்துக்காகவே இந்த வழியில் திரும்பத் திரும்பப் போகிறேன்.

இனாரியாமா பாதை மலைமுகட்டில் போகிறது. 3.1 கிலோமீட்டர், வெயில் விழும், குளிர்காலத்துக்கு அருமை. மழை பெய்த மறுநாள் இதுவும் வழுக்கும், 6-உம் வழுக்கும். அன்றைக்கு 1-ஐ விட்டால் வேறு வழியில்லை.

நல்ல ஷூவும் வறண்ட நாளும் வாய்த்தால் 6-இல் ஏறி 1-இல் இறங்குங்கள். அடிவாரத்திலேயே கழிப்பறைக்குப் போய்விடுங்கள், 6-இல் வழியில் எதுவும் இல்லை. ஃபுஜி தெரிய வேண்டுமானால் குளிர்காலத்தில், காலையிலேயே உச்சியில் இருக்க வேண்டும். சைவர்கள் கவனிக்க: இங்கே பிரபலமான சோபா நூடுல்ஸின் சாற்றில் பெரும்பாலும் மீன் சேரும். கட்டுச்சோறு கொண்டுபோனால் உச்சியில் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிடலாம்.