ஐந்நூறு மணி நேரப் பறப்பு அனுபவம் விற்பனைக்கு: விமானிகளின் பெற்றோர் கவனத்திற்கு

வணிக விமானி உரிமம், அதாவது சி.பி.எல்., பெற்றுவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். என் மகள் செஸ்னா என்ற சிறிய பயிற்சி விமானத்தில் 200 மணி நேரம் பறந்து அந்த உரிமத்தைப் பெற்றவள். "இருநூறு மணி நேரத்தோட போனா யார் சார் எடுப்பாங்க? அமெரிக்காவுல ஆயிரத்து ஐந்நூறு கேக்குறான். ஏ320 பயணிகள் விமானத்துல ஐந்நூறு மணி நேரம் ஏத்திக் குடுக்குறது எங்க பொறுப்பு" என்று சென்னையிலுள்ள ஓர் ஆலோசனை நிறுவனத்தார் உறுதியளித்து, குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டுவதற்கான தகுதியாகிய டைப் ரேட்டிங்கிற்கும், பயணிகள் விமானத்திலேயே பறந்து பெறும் வெளிநாட்டு லைன் டிரெய்னிங்கிற்கும் சேர்த்து மொத்தமாகப் பணம் வாங்கிக்கொண்டனர்.

கிடைத்தது, அசைவே இல்லாத ஒரு பயிற்சிக் கருவியில், நள்ளிரவுக்குப் பின் ஒதுக்கப்பட்ட சில அமர்வுகள் மட்டுமே. வெளிநாட்டுப் பயணத்தைப் பற்றிக் கேட்டால், "அடுத்த பேட்ச்" என்ற பதிலே மாதக்கணக்கில் வந்தது. பணத்தைத் திருப்பிக் கேட்டபோது ரசீதைப் படித்துப் பார்க்கச் சொன்னார்கள். அதில் 'ஆலோசனைக் கட்டணம், திருப்பித் தரப்படாது' என்றிருந்ததே தவிர, பயிற்சி பற்றி ஒரு வரிகூட இல்லை.

அமெரிக்கக் கதை பாதி உண்மை. 2009இல் பஃபலோ அருகே நிகழ்ந்த விமான விபத்துக்குப் பின், 2013 முதல் அங்கே துணை விமானிக்கும் பொதுவாக 1500 மணி நேரம் தேவை. இந்தியாவில் 1500 மணி நேரம் என்பது கேப்டனாவதற்குத் தேவையான ஏ.டி.பி.எல். உரிமத்துக்கான அளவு, துணை விமானியாகச் சேர்வதற்கு சி.பி.எல்.லும் உரிய டைப் ரேட்டிங்கும் போதும்.

அதன்பின் அனுபவம் சேரும் முறை வேறு. டைப் ரேட்டிங்கின்போது, விமானி அறையைப் போலவே அமைத்த, முழுமையாக அசையும் சிமுலேட்டரில் என்ஜின் பழுது, தீ, தரையிறங்காமல் மீண்டும் மேலெழுதல் ஆகியவற்றை இருவராகச் சேர்ந்து கையாளப் பழக்குவார்கள். தனியாகவே செஸ்னா ஓட்டிப் பழகியவர்களுக்கு இந்த இருவர் வேலைப் பங்கீடுதான் பெரும்பாலும் கடினமாக இருக்கிறது. சிமுலேட்டர் நேரம், பறந்த நேரங்களைப் பதியும் லாக் புக்கில் தனிப் பத்தியில்தான் ஏறுமேயன்றிப் பறந்த நேரமாகாது. பின்னர் பயணிகளற்ற உண்மையான விமானத்தில் ஏறி இறங்கும் பயிற்சி; அதற்கும் பின்னரே லைன் டிரெய்னிங். பயணிகளோடு செல்லும் வழக்கமான விமானத்தில் பயிற்றுநர் கேப்டன் அருகிலிருக்கப் புதியவர் பறப்பார்; தொடக்கத்தில் தேர்ந்த இன்னொரு விமானியும் பின்னிருக்கையில் அமர்ந்து கவனிப்பதுண்டு. இறுதிச் சோதனையில் தேறினால்தான் மற்ற கேப்டன்களுடன் பறக்க விடுவார்கள்.

ஆகவே, அந்த மணி நேரங்களைத் தரக்கூடியது ரோஸ்டரில், அதாவது பணிப் பட்டியலில், பெயர் சேர்க்கும் விமான நிறுவனம் மட்டுமே. பணம் வாங்கிக்கொண்டு துணை விமானி இருக்கை தந்த வெளிநாட்டு நிறுவனங்கள் சில இருந்ததுண்டு; அங்கும் பெயரைச் சேர்த்தது அந்த நிறுவனமே, முகவர் அல்லர். அந்நிறுவனம் நேரடியாக அனுப்பிய கடிதம் இல்லாமல் யாருக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள். சிமுலேட்டர் மையத்துக்கு விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் அங்கீகாரம் உண்டா என்பதையும், ரசீதில் கருவியின் வகையும் பயிற்சி நேரமும் எழுதப்பட்டுள்ளனவா என்பதையும் பாருங்கள்.

ஏற்கெனவே பணம் கொடுத்தவர்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் வழக்கு அங்கேயே ஏற்கப்படும், ஆனால் வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் தொடுத்தாக வேண்டும். நாங்கள் மனுவைத் தயாரித்துவருகிறோம்.