கிருஷ்ணகிரி வெயிலில் ஒரு பச்சை மலைப்பாம்பு: ஆறு வருட அனுபவம்

2019 ஆகஸ்டில் பெங்களூரில் ஒரு வளர்ப்பாளரிடமிருந்து வாங்கி வந்தபோது அது என் சுண்டுவிரல் தடிமன்கூட இல்லை. நல்ல செங்கல் நிறம், முதுகில் துண்டு துண்டாக வெள்ளைக் கோடு. ஒரு வருடத்தில் இது பச்சையாகிவிடும் என்று சொன்னதும் அக்கா மகள், "அப்போ இது மருதாணி மாமா. அது பச்சையா இருந்து சிவக்கும், இது சிவப்பா இருந்து பச்சையாகும்" என்றாள். அந்தப் பெயரே நின்றுவிட்டது. இன்று மருதாணியின் எடை 1,150 கிராம். வாழை இலைப் பச்சை உடம்பு, வயிற்றுப் பக்கம் லேசான மஞ்சள்.

கிரீன் ட்ரீ பைத்தான் எனப்படும் இந்தப் பச்சை மலைப்பாம்பை வளர்க்கலாமா என்று சிலர் கேட்டுக்கொண்டே இருப்பதால் இதை எழுதுகிறேன். கிருஷ்ணகிரியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருப்பவன் நான். விலங்கியல் படித்ததில்லை. ஆறு வருடம் ஒரே பாம்பைத் தினமும் பார்த்ததுதான் என் படிப்பு.

இதன் சொந்த ஊர் நியூகினியும் அதைச் சுற்றியுள்ள தீவுகளும். ஆஸ்திரேலியாவின் வடக்கு முனையில், கேப் யார்க் காட்டிலும் உண்டு. மழைக்காட்டு மரத்தில் வாழ்வது. வளர்ந்தால் ஐந்து அடி, அரிதாக ஆறு அடி. விஷம் கிடையாது. பகல் முழுக்கக் கிடைமட்டக் கிளையில் உடம்பை இருபக்கமும் மடித்துத் தொங்கவிட்டு, நடுவில் தலையை வைத்துக்கொண்டு அசையாமல் இருக்கும். எங்கள் தெருவில் முதலில் பார்த்தவர்கள் எல்லோரும் "கண்கொத்திப் பாம்பா?" என்றுதான் கேட்டார்கள். வேலியில் கொடி மாதிரி நீளமாக, கூர்மூக்கோடு இருக்குமே, அந்தப் பச்சைப் பாம்புக்கும் இதற்கும் நிறத்தைத் தவிர ஒற்றுமை இல்லை. அதுவும் யார் கண்ணையும் கொத்துவதில்லை என்பதை இந்தச் சாக்கில் சொல்லிவிடுகிறேன்.

வெளிநாட்டுக்காரர்கள் சொல்லும் முறையெல்லாம் பாம்பை எப்படிச் சூடாக வைப்பது என்பதிலேயே தொடங்கும். நம் ஊருக்கு அது பொருந்தாது. இங்கே குளிர்ச்சியையும் ஈரத்தையும் காப்பதுதான் பிரச்சினை. ஓசூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் சுலபம், அங்கே உயரம் கைகொடுக்கும். கிருஷ்ணகிரி, தர்மபுரி, பாலக்கோடு, ஊத்தங்கரைப் பக்கம் ஏப்ரல், மே மாதத்தில் நண்பகல் காற்று சருகு மாதிரி காய்ந்திருக்கும். ஈரப்பதமானி 28 சதவீதம் என்று காட்டிய நாளெல்லாம் உண்டு. மழைக்காட்டுப் பாம்புக்கு அது தாங்காது.

2020 ஏப்ரலில் நான் செய்த தவறை மறைக்காமல் சொல்கிறேன். கூண்டை மேற்குச் சுவர் ஓரம், நேர் மேலே மொட்டை மாடி இருக்கும் அறையில் வைத்திருந்தேன். ஊரடங்கு நேரம், வீட்டில்தான் இருந்தேன். மதியம் கரண்ட் போனது. ஒரு தூக்கம் போட்டு எழுந்து பார்த்தால் கூண்டுக்குள் 35 டிகிரி. எப்போதும் கிளையை விட்டு இறங்காத பாம்பு கீழே தண்ணீர்க் கிண்ணத்தில் சுருண்டு, வாயை லேசாகத் திறந்து வைத்திருந்தது. கை நடுங்கியது. கூண்டோடு தூக்கிக்கொண்டு போய் கிழக்குப் பக்க அறையில் சிமெண்ட் தரையில் வைத்து, சுற்றிலும் ஈரத்துணி கட்டினேன். ஐஸ் வைக்கவில்லை, ஒரேயடியாகக் குளிர வைப்பதும் கெடுதல். இருட்டும் நேரத்தில் மெல்லக் கிளைக்கு ஏறியது. அன்றிலிருந்து அந்த மேற்கு அறையில் அரிசி மூட்டைதான் இருக்கிறது.

இப்போதைய கூண்டு மூன்று அடி நீளம், இரண்டு அடி அகலம், இரண்டு அடி உயரம். அலுமினியம் வேலை செய்பவரிடம் சொல்லிச் செய்தது. முன்பக்கம் கண்ணாடி, இரண்டு பக்கமும் காற்றுப்போக சல்லடைத் தகடு. ஒரு ஓரம் 30, 31 டிகிரி, மறு ஓரம் 26. இரவில் 23, 24 வரை இறங்கலாம். 32-ஐத் தாண்டக் கூடாது என்பதை மட்டும் மனதில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஹீட்டர் எனக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை, அதுவும் பெரும்பாலும் ராத்திரிக்குத்தான். தெர்மோஸ்டாட், அதாவது சூடு அளவை எட்டியதும் ஹீட்டரைத் தானே அணைக்கும் கருவி, இல்லாமல் ஹீட்டர் போடவே போடாதீர்கள். தெர்மோஸ்டாட் போட்டாலும் தனியாக ஒரு வெப்பமானி உள்ளே தொங்கட்டும். அதற்குள் இருக்கும் ரிலே என்ற சுவிட்ச் ஒட்டிக்கொண்டால் சூடு ஏறிக்கொண்டே போகும். கடையில் தினமும் ரிலே பார்ப்பவன் என்பதால் அடித்துச் சொல்கிறேன்.

கிளைக்குக் கொய்யாதான் வைத்திருக்கிறேன். மாம்பழத்துக்குப் பேர்போன ஊரில் மாங்கிளை இலவசமாகக் கிடைக்கும், ஆனால் பிசின் கசிகிறது. கிளை படுக்கைவசமாக, பாம்பின் உடம்புத் தடிமனில் இருக்க வேண்டும். கழற்றி மாட்டும்படி இருப்பது மிக முக்கியம், காரணம் பின்னால் வரும். தரைக்குத் தென்னை நார்த்தூள் போட்டுப் பார்த்தேன், அழகாக இருந்தது. அப்புறம் வெறும் செய்தித்தாளுக்கே வந்துவிட்டேன். எச்சம் எப்போது போட்டது, எப்படிப் போட்டது என்று தாளில்தான் தெளிவாகத் தெரிகிறது.

தண்ணீருக்கு வருவோம். கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு மாவட்டத்துப் போர்த் தண்ணீரும் உப்புக்கும் ஃபுளோரைடுக்கும் பேர்போனது. அதற்காகத்தானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. அந்தப் போர்த் தண்ணீரைத் தெளித்தால் ஒரே வாரத்தில் கண்ணாடி முழுக்க வெள்ளைப் பொருக்கு, பாம்பின் செதில் மேலும் அதே வெள்ளை. இப்போது கேன் தண்ணீர்தான். செடிக்கு மருந்தடிக்கும் கை ஸ்பிரேயரில் சாயங்காலம் ஒரு முறை, கோடையில் காலையிலும் ஒரு முறை தெளிக்கிறேன். தெளித்த ஈரம் சில மணி நேரத்தில் காய்ந்துவிட வேண்டும். 2021 டிசம்பரில் சளி பிடித்து மூச்சில் "கிர்ர்" என்ற சத்தம் வந்ததற்கு, குளிர் ராத்திரியில் நான் சல்லடையை மூடிவிட்டு ஈரத்தைத் தேக்கி வைத்ததுதான் காரணம். பெங்களூரில் ஊர்வன பார்க்கும் டாக்டரிடம் மூன்று முறை போய் வந்து, ஊசி போட்டுத்தான் சரியானது.

தெளித்ததும் அது தண்ணீர் குடிப்பதை ஒரு முறையாவது பாருங்கள். கிண்ணத்துக்குப் போகாது. மடிப்பு மடிப்பாக இருக்கும் தன் உடம்பு மேலேயே துளிகள் உருண்டு, நடுப் பள்ளத்தில் கொஞ்சம் தேங்கும். தலையைத் தூக்காமல், தாடையை அதில் பதித்து, தொண்டை மட்டும் மெல்ல மெல்ல ஏறி இறங்க உறிஞ்சும். ஐந்து நிமிடம்கூட நீளும். நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுவேன்.

சாப்பாடு பெரிய செலவில்லை. உறைய வைத்த எலி ஐஸ்பெட்டியில் பெங்களூரிலிருந்து வருகிறது. அதற்கென்று தனி ஃப்ரிட்ஜ், வீட்டு ஃப்ரிட்ஜில் வைக்க அம்மா விடமாட்டார், அது நியாயமும்கூட. வெதுவெதுப்பான நீரில் போட்டு உறைவு நீக்கி, துடைத்து, விளக்கை அணைத்த பிறகு நீள இடுக்கியில் காட்டுவேன். உதட்டுச் செதில்களில் சூட்டை உணரும் குழிகள் இருப்பதால் எலியின் தலைப்பக்கம் சூடாக இருந்தால்தான் நம்பும். குட்டியாக இருந்தபோது வால் நுனியைப் புழு மாதிரி நெளித்து ஆட்டும். பல்லியை ஏமாற்றி வரவழைக்கும் வித்தை அது. என் இடுக்கிக்கும் வால் ஆட்டிய காலம் உண்டு.

குட்டிக்கு வாரம் ஒரு முறை சரி. வளர்ந்த பிறகும் நான் அதே கணக்கில் போட்டேன். கேட்கிற மாதிரியே பார்க்கும், மனசு கேட்கவில்லை. 2022-இல் ஐம்பது நாள் எச்சம் போடவில்லை, வால் பக்கம் வீங்கியது. இந்த இனத்துக்கு நீர் குறைந்து, கொழுப்பு சேர்ந்தால் முக்கும்போது குடலே வெளியே தள்ளிவிடும் என்று டாக்டர் சொன்னபோதுதான் எவ்வளவு பெரிய தப்பு என்று புரிந்தது. வெதுவெதுப்பான நீரில் கொஞ்ச நேரம் வைத்து, கிளையில் ஏறி இறங்க விட்டதில் மூன்றாம் நாள் போட்டது. இப்போது மூன்று வாரத்துக்கு ஒரு எலி, உடம்புத் தடிமனைத் தாண்டாத அளவில். சமையல் தராசில் மாதம் ஒரு முறை எடை.

சரி, எல்லோரும் கேட்பது, கையில் எடுக்கலாமா என்பது. எடுக்கலாம், அதற்காகவே வாங்குவதாக இருந்தால் வேண்டாம். ஒரு வயது வரை நான் தொடவே இல்லை. குட்டிப் பருவத்தில் கிளையைச் சுற்றியிருக்கும் வாலைப் பிடித்து இழுத்தால் முள்ளெலும்பு மடங்கி, ஆயுளுக்கும் கோணலாகிவிடும். கூண்டைச் சுத்தம் செய்ய வேண்டுமா, கிளையோடு கழற்றி இன்னொரு பெட்டியில் மாட்டிவிடுங்கள். பாம்புக்கு நகர்ந்ததே தெரியாது. கையில் எடுத்தே ஆக வேண்டும் என்றால் பகலில், சாப்பிட்டு ஐந்து நாளாவது ஆன பிறகு, கொக்கியால் உடம்பை மெல்லத் தொட்டு "சாப்பாடு இல்லை" என்று தெரிவித்துவிட்டு, வால் பக்கத்திலிருந்து ஒவ்வொரு சுற்றாகப் பிரித்து, கீழிருந்து கையைக் கிளை மாதிரி நீட்ட வேண்டும். தலைக்கு மேலிருந்து கை வந்தால் அதற்குப் பருந்துதான். என் மணிக்கட்டில் ஏறியதும் சுற்றிக்கொண்டு இறுக்கும், பிறகு பிடி தளரும். அந்தத் தளர்வை உணர்ந்தால் பத்து நிமிடம், உணராவிட்டால் உடனே திரும்பக் கிளைக்கு.

இருட்டிய பிறகு கூண்டுக்குள் கையை விடக் கூடாது. தலையைத் தொங்கவிட்டு, கழுத்தை எஸ் மாதிரி வளைத்திருந்தால் அது வேட்டைக்குக் காத்திருக்கிறது. 2023-இல் ஒரு ராத்திரி தண்ணீர்க் கிண்ணத்தை எடுக்கக் கைவிட்டேன், கட்டைவிரல் அடியில் பிடித்துக்கொண்டது. முன்பற்கள் இந்த இனத்துக்கு நீளம். இழுத்தால் என் சதையும் கிழியும், அதன் பல்லும் உடையும். குழாயடியில் போய்க் குளிர்ந்த நீரை மெல்ல ஊற்றிக்கொண்டு நின்றேன். ஒரு நிமிடத்தில் விட்டது. சோப்புப் போட்டுக் கழுவி, டிடி ஊசி போட்டுக்கொண்டேன். பாம்பு மேல் தப்பில்லை, அதற்குத் தெரிந்தது சூடான ஒன்று பக்கத்தில் அசைந்தது மட்டும்தான்.

நிறம் மாறியதைச் சொல்லாமல் விட மனமில்லை. ஏழாம் மாதம் போல முதுகில் நான்கைந்து செதில் மட்டும் பாசி பிடித்த மாதிரி தெரிந்தது. தூசி என்று நினைத்தேன். அடுத்தடுத்த வாரங்களில் செங்கல் நிறத்துக்கு நடுவே பச்சை பரவி, கொஞ்ச நாள் பழுத்த மாவிலை மாதிரி இருந்தது. காட்டில் குட்டிகள் தரையோரம், வெளிச்சமான இடத்தில் பல்லி பிடிக்கும். பெரியவை மேலே இலைகளுக்கு நடுவே வாழும். இடத்துக்கு ஏற்ற உடுப்பு.

வாங்குவதற்கு முன் இரண்டு விஷயம். நம் காட்டு மலைப்பாம்பைப் பிடித்து வைப்பது குற்றம், அது வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. இது வெளிநாட்டு இனம், ஆனால் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளது. நான் 2020-இல் மத்திய அரசு அறிவித்த, வெளிநாட்டு விலங்கு வைத்திருப்பவர்கள் தாமாக முன்வந்து தெரிவிக்கும் திட்டத்தில் விவரம் கொடுத்தேன். 2024 பிப்ரவரியில் புது விதிகள் வந்ததும் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தேன். இப்போது புதிதாக வாங்குபவர் 30 நாளுக்குள் பதிய வேண்டும். காகிதம் தராத விற்பனையாளரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். இன்னொன்று, இந்தோனேசியாவிலிருந்து "பண்ணையில் பிறந்தது" என்று ஏற்றுமதியான இந்தப் பாம்புகளில் குறைந்தது 80 சதவீதம் காட்டில் பிடித்தவை என்று 2011-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. காட்டிலிருந்து வந்தது நோயோடும் பயத்தோடும் வரும். முட்டை பொரித்தது யாரிடம், தாய் தகப்பன் எங்கே என்று கேட்டு, நேரில் பார்த்து வாங்குங்கள்.

அம்மா முதல் ஒரு வருடம் அந்த அறைக்குள் வரவில்லை. "புத்துக்குப் பால் ஊத்துறது வேற, பாம்பையே வீட்டுக்குள்ள வெக்கறது வேறடா" என்பார். போன கோடையில் நான் கோயம்புத்தூர் போயிருந்தபோது மதியம் போன் வந்தது. "கரண்ட் போயிடுச்சு, உன் இன்வெர்ட்டர் ஓடுது. தண்ணி அடிச்சுட்டேன். கண்ணாடிக்கு வெளிய நின்னு பாத்தேன், குடிச்சிட்டு இருக்கு" என்றார்.

இந்த வாரம் மருதாணியின் கண் பால் படர்ந்த மாதிரி மங்கியிருக்கிறது, தோல் உரிக்கப் போகிறது. இன்னும் நான்கைந்து நாளுக்கு எலி கிடையாது, காலையும் மாலையும் தண்ணீர். முழுசாக ஒரே சட்டையாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். போன முறை வால் நுனியில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது.