பெட்ரோல் போடும்போது பங்க் நாசில் அடிக்கடி கட் ஆகிறதா? காருக்குள் இருக்கும் பெட்ரோல் பம்பை மாற்றச் சொன்னால் சம்மதிக்காதீர்கள்

நான் கொடுத்த காசு போனது போனதுதான். இன்னொருவர் இதே காரணத்துக்காக ஏமாறக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

சில மாதங்களாக என் காருக்குப் பெட்ரோல் போடுவதே பெரும்பாடாக இருந்தது. டேங்க் முக்கால்வாசி காலியாக இருக்கும். ஆனால் இரண்டு லிட்டர் ஏறுவதற்குள் நாசில் ‘டக்’கென்று கட் ஆகிவிடும். மறுபடி அழுத்தினால் மறுபடி ‘டக்’. ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். "டேங்குக்குள்ள இருக்கிற பெட்ரோல் பம்ப் வீக் ஆயிடுச்சு, மாத்தியே ஆகணும்" என்றார்கள். மாற்றினார்கள், பெரிய பில். வண்டியை எடுத்துக்கொண்டு நேராக பங்குக்குப் போனேன். இரண்டாவது லிட்டரில் அதே ‘டக்’.

அந்தப் பம்பின் வேலை டேங்கில் இருக்கும் பெட்ரோலை இன்ஜினுக்குத் தள்ளுவது. வெளியிலிருந்து பெட்ரோல் உள்ளே இறங்குவதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. எனக்கு இது அப்போது தெரியாது. தினமும் டேங்கைக் கழற்றி மாட்டுகிறவர்களுக்குத் தெரியாமல் இருக்குமா?

நாசில் எப்படி நிற்கிறது என்று தெரிந்திருந்தால் அன்றே மறுத்திருப்பேன். அதன் மூக்கு நுனியில், தீக்குச்சி நுழையும் அளவுக்கு ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அடுத்த முறை பாருங்கள். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் கைப்பிடிக்குள் போகிறது. பெட்ரோல் வேகமாகப் பாயும்போது உள்ளே ஒரு உறிஞ்சல் உண்டாகும். ஓட்டை திறந்திருக்கும் வரை அது காற்றை இழுத்துக்கொண்டிருக்கும். பெட்ரோல் ஏறி ஓட்டையை மூடியதும் காற்று நின்று, உறிஞ்சல் கூடி, ஒரு ரப்பர் சவ்வை இழுக்கும். அது கொக்கியை விடுவிக்க, வால்வு மூடிக்கொள்ளும். கரண்ட், சென்சார் எதுவும் இல்லை. டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்பது நாசிலுக்குத் தெரியாது. தன் மூக்கு நனைந்ததா என்பது மட்டும்தான் தெரியும்.

ஆக, பாதி டேங்கில் கட் ஆனால் பெட்ரோல் டேங்குக்குள் இறங்காமல், வாயிலிருந்து டேங்குக்குப் போகும் கழுத்துக் குழாயிலேயே தேங்கி நிற்கிறது என்று அர்த்தம். நாசிலைச் சரியாகச் செருகாதது, முழு வேகத்தில் விடுவது, நுரை (டீசலில் இது அதிகம்) என்று சாதாரணக் காரணங்களும் உண்டு. நாசிலைச் சற்றுத் திருப்பி, வேகத்தைக் குறைத்தால் சரியாகிவிடும். வேறு பங்குகளிலும் இதே கதை என்றால் கோளாறு வண்டியில்தான்: பெரும்பாலும் டேங்குக்குள் இருக்கும் காற்று வெளியேற வழியில்லை.

இரண்டாவதாகப் பார்த்த மெக்கானிக் அந்த வழியைத்தான் முதலில் தேடினார். டேங்கின் காற்று வெளியேறும் பாதையில் இருக்கும் கேனிஸ்டரைக் கழற்றிச் சாய்த்தார். அதிலிருந்து பெட்ரோல் கொட்டியது, கூடவே கரித்தூளும். ஆவியை மட்டும் பிடித்து வைக்க வேண்டிய கரிப் பெட்டி அது. திரவம் புகுந்தால் கரி ஊறிப்போய் காற்று அடைபடும்.

திரவம் எப்படிப் புகுந்தது? அதற்கு நானும்தான் காரணம். கட் ஆன பிறகும் "ரவுண்டா போட்டுடலாம்" என்று பங்கில் நாசிலை விட்டு விட்டு அழுத்துவார்கள். நானும் வருடக்கணக்காகத் தலையாட்டியிருக்கிறேன். டேங்கின் மேலே விடப்படும் காலி இடம் பெட்ரோல் விரிவடைவதற்காக. 10 டிகிரி சூடு ஏறினால் 40 லிட்டர் பெட்ரோல் சுமார் 400 மில்லி கூடும். அந்த இடத்தையும் நிரப்பினால் மிச்சம் கேனிஸ்டருக்குத்தான் போகும். சொட்டுச் சொட்டாக விடும்போது இன்னொரு ஆபத்து: ஓட்டம் மிகவும் குறைந்தால் உறிஞ்சல் போதாமல் நாசில் கட் ஆகாமலே போகலாம், பெட்ரோல் வெளியே வழியும்.

கேனிஸ்டரை மாற்றியதும் ஒரே மூச்சில் டேங்க் நிரம்பியது. முதல் ஒர்க்‌ஷாப்பில் போய்க் கேட்டேன். "பம்பும் பழசுதானே" என்றார்கள். கழற்றிய பம்பைக் காட்டுங்கள் என்றேன். தூக்கிப் போட்டாயிற்றாம். நீங்கள் எந்த பாகத்தை மாற்றச் சம்மதித்தாலும், பழசைக் கையில் கொடுக்கச் சொல்லி முதலிலேயே பேசிவிடுங்கள்.