பம்ப் ஸ்டியர்: அளக்க லேசரா டயல் கேஜா, குறைக்க ரேக் ஷிம்மா ராட் எண்டா?

தலவாக்கலையில இருந்து நானுஓயா பக்கம் ஏ7 ரோட்டுல ஏறுறப்போ ஒரு வளைவு நடுவுல சின்னப் பள்ளம், முன் டயர் அதுல இறங்கி ஏறுன அந்த நொடியில நான் ஸ்டியரிங்க அசைக்கவே இல்ல, வண்டி தானா வெளிப்பக்கம் ஒரு சாண் விலகிருச்சு. அந்தப் பக்கம் பள்ளத்தாக்கு. நானே வெல்டிங் பண்ணி கட்டின வண்டி, முன்னால டபுள் விஷ்போன் (சக்கரத்த மேலயும் கீழயும் பிடிக்கிற ரெண்டு கை), ரேக் (ஸ்டியரிங்க திருப்புனா பக்கவாட்டுல ஓடுற பல்லுச் சட்டம்) மட்டும் கொழும்பு பஞ்சிகாவத்தையில வாங்குன பழைய மாருதி ரேக், ஆக்சிலுக்குப் பின்னால உட்கார்ந்திருக்கு. விஷ்போன் போடுற வட்டமும் டை ராட் (ரேக்கையும் சக்கரத்தையும் இணைக்கிற கம்பி) போடுற வட்டமும் ஒத்துப்போகலன்னா சக்கரம் மேல கீழ போறப்போ டோ மாறும், அதுதான் பம்ப் ஸ்டியர். டோன்னா மேல இருந்து பார்த்தா சக்கரம் திரும்பி நிக்கிற கோணம், முன்பக்கம் உள்ள திரும்புனா டோ இன், வெளிய திரும்புனா டோ அவுட்.

எதுல அளந்தாலும் முதல் வேலை ஒண்ணுதான். ஸ்பிரிங்க கழட்டு, சேசிஸ ஓடுற உயரத்துல ஸ்டாண்ட்ல நிறுத்து, ரேக்க நடுவுல வச்சு அசையாம பூட்டு, கேம்பர் (சக்கரம் உள்ள வெளிய சாயிறது), கேஸ்டர் (ஸ்டியரிங் அச்சு முன்ன பின்ன சாயிறது) எல்லாம் முதல்லயே செட் பண்ணிரு. பிறகு ஹப்புக்கு (சக்கரம் போல்ட் ஆகுற நடுப்பகுதி) அடியில ஜாக் வச்சு 10 மில்லி 10 மில்லியா மேல 50, கீழ 50 அள.

நான் முதல்ல செஞ்சது லேசர். கைக்கடக்கமான சின்ன லேசர ஹப்புல கட்டி முன்னால 4 மீட்டர் தள்ளி இருந்த சுவத்துல புள்ளி விழ வச்சேன், ராத்திரியில செஞ்சா புள்ளி நல்லா தெரியும். 50 மில்லி மேல தூக்குனா புள்ளி 23 மில்லி வெளிய போச்சு, 50 மில்லி கீழ விட்டா 33 மில்லி உள்ள வந்துச்சு. ரெண்டும் சமமா இல்லையே, கோடு வளைஞ்சிருக்கே, அப்போ டை ராட் நீளமும் பிழைதான்னு முடிவு பண்ணி ராட்ட வெட்ட ஹேக்சா பிளேட கையில எடுத்துட்டேன், ஏன்னா மேல போனாலும் கீழ போனாலும் டோ ஒரே பக்கமா மாறுனா பிழை நீளத்துல, ஒரு பக்கம் டோ அவுட் மறுபக்கம் டோ இன்னு நேர்கோடா போனா பிழை உயரத்துல, அது எல்லாருக்கும் தெரிஞ்ச கணக்கு. நல்ல வேளை, வெட்டுறதுக்கு முன்ன ஹப்புல இருந்து ஒரு தூக்குக்குண்டு தொங்கவிட்டுப் பார்த்தேன். விஷ்போன் மேல போனாலும் கீழ போனாலும் ஹப்ப 5 மில்லி உள்ளுக்கு இழுக்குது, அதோட லேசரும் நகருது! அந்த 5அ சரிபண்ணுனா ரெண்டு பக்கமும் 28 மில்லி, அதாவது 0.4 டிகிரி, சுத்தமான நேர்கோடு. டை ராட் நீளம் சரியாத்தான் இருந்திருக்கு.

அதனால நேரடி லேசர நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். கண்ணாடி வச்சு செய்யுங்க. பழைய டிரெஸிங் டேபிள் கண்ணாடித் துண்டு, 150 மில்லிக்கு மேல உயரம் வேணும், அத பலகையில வளையாம ஒட்டி ஹப்புல போல்ட் பண்ணணும், லேசர் தனியா ஸ்டாண்ட்ல நின்னு பக்கவாட்டுல நேரா கண்ணாடியில அடிக்கணும். ஹப் உள்ள வெளிய போனாலும் கண்ணாடியில பட்டுத் திரும்பி வர்ற புள்ளி அசையாது, டோ மாறுனா மட்டும் பக்கவாட்டுல போகும், கேம்பர் மாறுனா மேல கீழ போகும். கோணம் ரெண்டு மடங்காத் தெரியும், 3 மீட்டர் தூரத்துல அந்த 0.4 டிகிரி 42 மில்லியா காட்டுச்சு. கண்ணாடி தடிப்பால ரெண்டு புள்ளி தெரியும், வெளிச்சமா இருக்கிறதப் பிடிச்சுக்கோங்க. பிள்ளைகள கிட்ட விடாதீங்க, திரும்பி வர்ற ஒளி கண்ணுல படும்.

டயல் கேஜ் (முனை நகர்றத முள்ளால காட்டுற கருவி) எனக்குக் கிடைச்சது தேயிலை ஃபேக்டரி ஃபிட்டர் அண்ணே ஒருத்தர் குடுத்ததால. கதவுக் கீல் போட்ட ஒரு பலகை ஹப்புத் தட்டுல சாஞ்சு நிக்கும், ஒரு ஓரத்துல உருளை தொடும், 330 மில்லி தள்ளி மறு ஓரத்துல கேஜ் தொடும், ஹப் எங்க நகர்ந்தாலும் பலகையும் கூடவே சாயும், அதனால கேஜ் டோவ மட்டும் காட்டும். கீல் இல்லாம நட்டு வச்சா 10 மில்லி கேஜ் ஓட்டத்துல பாதி ஹப் உள்ள போற அந்த 5 மில்லிக்கே போயிரும். எனக்கு 2.3 மில்லி காட்டுச்சு, கண்ணாடிக் கணக்கோட அச்சா ஒத்துச்சு. ஒரே தொல்லை ஹப்புத் தட்டுதான். கேஜ் முனை அதுல 100 மில்லி வழுக்கிட்டுப் போறதால எங்க ஊரு ஈரத்துல முறுக்குன பலகையப் போட்டா அந்த முறுக்கையும் டோன்னு காட்டும், தடிச்ச அலுமினியம் போடுங்க. கேஜ் கிடைச்சா கேஜ்தான், அரை மில்லிக்குக் கீழ திருத்துறதுக்கு அதோட போட்டி போட ஏலாது. கிடைக்கலன்னா கண்ணாடி லேசர் தாராளமா காணும்.

இனி குறைக்கிறது. ரேக் பின்னால இருந்து, மேல போறப்போ டோ அவுட்டுன்னா டை ராட்டோட வெளி முனை அளவுக்கு மேல உயரத்துல இருக்கு. ஒண்ணு ரேக்க உயர்த்தணும், இல்லாட்டி வெளி முனைய இறக்கணும். ரேக் முன்னால இருக்கிற வண்டிக்கு அதே பிழை டோ இன்னா தெரியும், மறந்துறாதீங்க.

டை ராட் வெளி முனையில ராட் எண்ட் (திறந்த உருண்டை மூட்டு) போட்டு ஸ்பேசர் வச்சு இறக்குற வழியில திருத்தம் வேகமா நடக்கும், வாஷர மாத்தி மாத்தி அளந்துக்கிட்டே போகலாம். ஆனா ஸ்டியரிங் ஆர்ம்ல (ஹப்புல இருந்து டை ராட்டுக்கு நீளுற கை) இருக்கிற டேப்பர் (ஒரு பக்கம் குறுகுற) ஓட்டைய நேர் ஓட்டையா துளைக்கணும், அதத் திருப்ப ஏலாது. ஸ்பேசர் உயர உயர போல்ட்டு வளையிற விசையும் கூடும், 10.9 பலத் தரத்துப் போல்ட்டும் ராட் கழண்டு விழாம தடுக்கிற பெரிய வாஷரும் கட்டாயம். அதோட ராட் எண்டுக்கு ரப்பர் பூட் இல்ல, எங்க மழையிலயும் தோட்டத்துச் சேத்துலயும் ஆட்டம் குடுத்துரும். மகாகஸ்தோட்ட மலையேற்றப் போட்டிக்கு மட்டும் இறக்குற வண்டின்னா போடலாம், ஓட்டம் முடிஞ்சதும் கழட்டிப் பார்ப்பாங்க. தினம் ஓடுற வண்டிக்கு எனக்கு மனசு ஒப்பல.

ரேக்க உயர்த்த அடியில வைக்கிற ஷிம் தகடு அந்தளவுக்கு பிரமாதம் இல்லதான், ஸ்டியரிங்ல இருந்து ரேக்குக்கு வர்ற தண்டோட ஜாயிண்ட் கோணம் மாறும், ஒவ்வொரு தடவையும் பிராக்கெட்டக் கழட்டணும், ஆனா கம்பெனி பால் ஜாயிண்ட் அப்பிடியே இருக்கும். 3 மில்லித் தகடு ஒண்ணு, 1.5 மில்லி ஒண்ணு, மொத்தம் 4.5. கேஜ் 2.3ல இருந்து 0.2க்கு வந்துருச்சு.

இன்னொரு வழியும் இருக்கு, ஸ்டியரிங் ஆர்ம கேஸ்ல சுட்டு வளைக்கிறது. ஒரு கராஜ் பாஸ் அஞ்சு நிமிஷ வேலைன்னு கூப்பிட்டாரு. சுட்டா அந்த இரும்போட பதம் போயிரும், அது உடைஞ்சா ஸ்டியரிங்கே கிடையாது. வேண்டவே வேண்டாம்.

ஷிம் போட்டதும் நிக்கிற டோ மாறிரும், திரும்ப செட் பண்ணணும். இடது பக்கத்தையும் தனியா அளக்கணும், என்னோட பிராக்கெட் வெல்டிங்ல இறங்கிப்போயிருந்ததால அங்க 6 மில்லி தேவப்பட்டுச்சு. இப்போ அந்தப் பக்கம் 0.4 மில்லி மிச்சம் இருக்கு, இன்னொரு தகடு லேத்ல சீவக் குடுத்திருக்கேன்.